வால் வீசுகிற வண்டி

தீபாவளிக்குக் கோயமுத்தூரிலிருந்து வந்த என் மகள் வயிற்றுப் பேரன், இரண்டாம் நாள் காலையில் என் பழைய ஆல்ட்டோவைச் சுற்றிச் சுற்றி வந்தான். டயரைக் காலால் உதைத்துப் பார்த்தான். ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டுப் பார்த்தான். பிறகு திண்ணையில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தான்.

"தாத்தா, இந்த வண்டியில ட்ரிஃப்ட் பண்ண முடியுமா?"

எனக்குக் காது கொஞ்சம் மந்தம். "டிரிப்புதானே, மழை விடட்டும்ப்பா, மூணாறுக்கு ஒரு டிரிப் அடிப்போம்" என்றேன்.

அவன் தலையில் அடித்துக்கொண்டு கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினான். ஏதோ ஒரு மலைப்பாதை. வளைவில் ஒரு கார் நேராகப் போகாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகிறது. பின்சக்கரங்கள் புகையைக் கக்குகின்றன. ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கை வளைவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறான். வண்டி கவிழவும் இல்லை, நிற்கவும் இல்லை.

"இதுக்குப் பேரு எங்க காலத்துல ஸ்லிப் ஆகுறது. வேணும்னே யாரும் பண்ணமாட்டாங்க" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று இரவு மொட்டை மாடியில் அவன் நண்பனோடு பேசியது என் மனைவியின் காதில் விழுந்திருக்கிறது. (அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.) ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 5 மணிக்கு ஆல்ட்டோவை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறுவதாகவும், அந்த நேரத்தில் ரோட்டில் ஈ காக்கை இருக்காது என்றும், மேல் பெண்டுகளில் ஒன்றில் ஹேண்ட் பிரேக் போட்டு வாலை வீசி அதை வீடியோ எடுப்பதாகவும் திட்டம்.

"சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள்ள போடுங்க" என்றாள்.

சாவியை ஒளிக்கலாம். அவன் வயது 20. இந்த வண்டி இல்லையென்றால் நண்பன் வண்டி. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. மேட்டு ரோட்டில் ஒரு காரின் வால் வீசினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். எங்கள் இருவருக்கு மட்டும்தான் அந்த வீட்டில் தெரியும்.

போடி வாசகர்களுக்கு மேட்டு ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு மேற்கே முந்தல் வரைக்கும் தரை. செக்போஸ்ட்டைத் தாண்டினால் மலை. சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேட்டுக்குப் போய்ச் சேரும்போது கிட்டத்தட்ட 4,500 அடி உயரத்தில் இருப்போம். அதைத் தாண்டினால் கேரளம், பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. கொச்சியிலிருந்து வருகிற தேசிய நெடுஞ்சாலைதான் இது. அப்போது 49, இப்போது 85. ஆடி மாதத்தில் மேட்டில் சாரலும் பனியுமாக இருக்கும், கீழே போடியில் காற்று மட்டும் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கதை மாறிவிடும். மழை நம் பக்கச் சரிவில் கொட்டும். அப்போதுதான் மண் சரியும், பாறை உருளும், செம்மண் கரைந்து தார் மேல் ஒரு பூச்சு மாதிரி படியும். அந்தப் பூச்சு சோப்பு நுரைக்குச் சமம்.

1977இல் வங்கியின் விவசாயக் கடன் அதிகாரியாக நான் போடிக்கு வந்தேன். ஏலத்தோட்டங்களுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது வேலை. கூட வருகிற ஜீப் டிரைவர் அண்ணன்தான் அடுத்த வருடம் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வங்கிக்கு அது தெரியாது. இப்போது தெரிந்தாலும் பென்ஷனை நிறுத்த மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அண்ணன் படிக்காதவர். வாயைத் திறந்தால் பழமொழி மாதிரி நாலு வார்த்தை, அவ்வளவுதான். "ஏறுன கியர்லயே இறங்கு." "ஏறுற வண்டிக்கு நீ நில்லு." "பிரேக்கைப் பெண்டுக்கு முன்னாடி முடிச்சுரு, பெண்டுக்குள்ள வச்சுக்காத." தோட்டத்துப் பாதையில் மழைச் சேற்றில் ஜீப்பின் பின்பக்கம் விலகும்போது, "வால் போற பக்கமே மூக்கைத் திருப்பு சார், கால எடு" என்பார். வால் வலப்புறம் போனால் ஸ்டியரிங்கையும் வலப்புறம் திருப்ப வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். ஜீப்பிலும் அம்பாசிடரிலும் என்ஜின் சுற்றுவது பின்சக்கரத்தை. அதிகமாகச் சுற்றியதால்தான் அது பிடி விட்டது. காலை எடுத்தால் சுற்று குறைந்து மறுபடி தரையைப் பிடித்துக்கொள்ளும். நூறு தடவையாவது செய்திருப்பேன். கடைசியில் யோசிக்காமலே கால் தானாக மேலே வந்துவிடும். வித்தை படிந்துவிட்டது என்று அதைத்தான் சொல்வார்கள்.

வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது அண்ணன் வேறு மனிதர். பெண்கள் மடியில் தூக்குவாளியில் கஞ்சி இருக்கும். அது சிந்தினால் அன்றைக்கு அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு இல்லை. "கஞ்சி அலம்பக்கூடாது" என்பதுதான் அவருடைய அளவுகோல். பேரன் ட்ரிஃப்ட் பற்றி எனக்குப் பாடம் எடுத்தபோது, ஜப்பானில் 1995இல் தொடங்கிய 'இனிஷியல் டி' என்ற படக்கதையைப் பற்றிச் சொன்னான். அதில் ஒரு பையன் விடிகாலையில் மலைப்பாதையில் காரில் டோஃபு கொண்டு போய்க் கொடுக்கிறான். டோஃபு என்பது சோயாப் பாலில் செய்கிற பன்னீர் மாதிரி ஒன்றாம். அது உடையாமல் இருக்க, அவன் அப்பா காரில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்து, சிந்தாமல் ஓட்டச் சொல்கிறார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீருக்குப் பதில் கஞ்சி, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நாட்டில் கெய்ச்சி சுச்சியா என்ற ஓட்டுநர் இப்படி மலைப்பாதையில் வாலை வீசிப் பழகியே பந்தய வீரர் ஆனார் என்றும், 1987இல் அவர் எடுத்த வீடியோதான் இந்த மோகத்தைப் பரப்பியது என்றும் பேரன் சொன்னான். அந்தக் கதையில் வருகிற டொயோட்டா பின்சக்கரத்தால் தள்ளப்படுகிற வண்டி. நீளமாக வாலை வீசிக்கொண்டே போக வேண்டுமானால் பின்சக்கரத்துக்குத்தான் சக்தி வேண்டும்.

என் ஆல்ட்டோ அந்த ஜாதி இல்லை.

இதைப் புரியவைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தள்ளுவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் பின்னால் நின்று தள்ளுகிறான். ஒரு பக்கமாகக் கொஞ்சம் அதிகம் தள்ளினால் பின்பக்கம் ஒதுங்கிவிடும். அம்பாசிடர், பத்மினி, ஜீப் எல்லாம் தள்ளுவண்டி. மாட்டுவண்டி வேறு. மாடு முன்னால் நின்று இழுக்கிறது, வண்டி பின்னால் போகிறது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800தான் நம் நாட்டில் பெருவாரியாக ஓடிய முதல் மாட்டுவண்டி. 796 சிசி, 3 சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம். என்ஜினும் முன்னால், இழுப்பதும் முன்சக்கரம். பாரமெல்லாம் மூக்கில் இருக்கும், வால் காலி டப்பா.

மேட்டு டிரைவர்கள் ஆரம்பத்தில் அதைக் கேலி செய்தார்கள். ஏற்றத்தில் பாரம் பின்பக்கம் சாய்ந்துவிடுவதால், ஈரமான தோட்டப் பாதையில் முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். தோட்டக்காரர் ஒருவர் தன் மாருதியை ரிவர்ஸ் கியரில் ஏற்றிப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊரே சிரித்தது. ஆனால் அதில் கணக்கு இருக்கிறது. பின்னோக்கி ஏறும்போது பாரம் இழுக்கிற சக்கரத்தின் மேல் விழும்.

1996இல் நானும் பழைய மாருதி 800 ஒன்றை வாங்கினேன். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. 1998 ஐப்பசியில் முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. இழுப்பதும் திருப்புவதும் பிரேக்கில் பாதிக்கு மேல் தாங்குவதும் முன்சக்கரமே என்பதால் இந்த வண்டிகளில் அதுதான் முதலில் தேயும். புதிதாக இரண்டு டயர் வாங்கி முன்னால் போட்டேன். பின்னால் இருந்தவை முக்கால் மொட்டை. தேய்கிற இடத்தில்தானே புதுசு போட வேண்டும்? கடையிலும் அப்படித்தான் சொன்னார்கள், எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

அந்த வாரமே பூப்பாறையில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது தூறல். மனைவி முன் சீட்டில், மடியில் தாம்பூலப் பை. மேட்டிலிருந்து நாலைந்து பெண்டு இறங்கியிருப்போம். இடப்பக்கம் திரும்புகிற ஒரு வளைவு, பெரிய கொண்டை ஊசிகூட இல்லை. மூன்றாவது கியர். இரண்டாவதில் வந்திருக்க வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் எதிரே ஏறி வருகிற லாரி தெரிந்தது. காலை எடுத்தேன், பிரேக்கையும் லேசாகத் தொட்டேன்.

பின்பக்கம் யாரோ தூக்கி வைத்த மாதிரி வலப்புறம் நகர்ந்தது.

அண்ணன் சொல்லிக்கொடுத்தது கைக்கு நினைவிருந்தது. ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினேன். காலுக்கும் நினைவிருந்தது. காலை முழுக்க எடுத்தேன். வால் நிற்கவில்லை, இன்னும் வேகமாகப் போனது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன். மலை, லாரி, மரம், வானம் என்று எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றியது. 'டமார்' என்று பின்பக்கம் எதிலோ மோதி நின்றது. கண்ணாடிக்கு முன்னால் பார்த்தால் நாங்கள் இறங்கி வந்த ரோடு தெரிகிறது. வண்டி வந்த வழியையே பார்த்து நிற்கிறது.

லாரிக்காரர் புண்ணியவான், எப்படியோ நிறுத்திவிட்டார். இறங்கி வந்து குனிந்து பார்த்து, "சார் போடிக்கா, மேட்டுக்கா?" என்றார்.

அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். டிக்கி நசுங்கியிருந்தது. தடுப்புச் சுவரில் இரண்டு கல் பெயர்ந்து கீழே போயிருந்தன. அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் மேகம் மட்டும் தெரிந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மழையில் நனைந்தபடியே ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. பின்னால் வந்த தோட்டத்து ஜீப்பில் வேலைக்காரப் பெண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போடிக்கு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து நான் ஓட்டினால் அவள் பின் சீட்டில்தான். ஏன் என்று நான் கேட்டதில்லை.

மறுநாள் மெக்கானிக் பட்டறையில்தான் விஷயம் விளங்கியது. "சார், தேயுறது முன்னாடி. ஆனா புதுசைப் பின்னாடி போடணும். முன்பக்கம் சறுக்குனா வண்டி நேராப் போகும், உங்களுக்குத் தெரியும், வேகத்தைக் குறைப்பீங்க. பின்பக்கம் சறுக்குனா தெரியுறதுக்குள்ள சுத்திரும்." இன்று டயர் கம்பெனிகளே இதைத்தான் சொல்கின்றன. கேட்கிறவர்கள் குறைவு.

அண்ணன் அப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். பார்க்கப் போனேன். நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் வெற்றிலை மென்றார்.

"கால எடுத்தியா?"

"எடுத்தேண்ணே. நீங்க சொன்ன மாதிரித்தான்."

"நான் சொன்னது அந்த வண்டிக்கு. இது வேற மாடு."

இந்த ஒரு வரியின் பொருள் எனக்கு முழுதாகப் புரியச் சில வருடங்கள் ஆயின. மாட்டுவண்டியில் வால் ஒதுங்குவது மாடு அதிகமாக இழுத்ததால் அல்ல. மாடு திடீரென்று நின்றதால். காலை எடுத்தவுடன் பாரம் மூக்குக்கு ஓடுகிறது, பின்சக்கரம் எடை இழந்து மிதக்கிறது, வளைவில் வெளிப்புறமாக விலகுகிறது. அந்த நேரத்தில் மேலும் காலை எடுப்பது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதுதான். ஸ்டியரிங்கை வால் போகிற பக்கம் திருப்பிவிட்டு, ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்த வேண்டும். மாடு இழுத்தால் வண்டி நேராகிவிடும். கைக்குப் பழைய பாடமே போதும். காலுக்கு நேர் எதிரான பாடம். இறக்கத்தில், எதிரே லாரி வரும்போது, வண்டி சறுக்கும்போது ஆக்சிலேட்டரை அழுத்து என்று சொன்னால் யாருடைய கால் கேட்கும்?

ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஸ்வீடனில் எரிக் கார்ல்சன் என்று ஒருவர். அவர் ஓட்டிய சாப் 96 என்ற கார் முன்சக்கர இழுவைதான். 841 சிசி, 3 சிலிண்டர், கிட்டத்தட்ட நம் மாருதி அளவு என்ஜின்! அதை வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் ஆர்.ஏ.சி. ராலியை 1960, 61, 62 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்திருக்கிறார். மான்டி கார்லோ ராலியை 1962லும் 63லும். பிறகு 1964இல் மினி கூப்பர் வந்து அதே மான்டி கார்லோவை வென்றது, அதுவும் முன்சக்கர இழுவை. இவர்கள் வலது காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்காமலே இடது காலால் பிரேக்கைத் தொடுவார்கள். முன்சக்கரம் இழுத்துக்கொண்டே இருக்கும், பின்சக்கரம் மட்டும் லேசாகி விலகும். வேண்டிய அளவு வாலை வீசி, வேண்டிய நேரத்தில் நேராக்கிக்கொள்வார்கள். நான் தெரியாமல் செய்ததை அவர்கள் தெரிந்தே செய்தார்கள்.

இவ்வளவையும் அந்த இரவில் நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். காலையில் பேரனிடம், "வாலை வீசத்தானே ஆசை? நான் சொல்லித் தர்றேன், வா" என்றேன். அவன் நம்பவில்லை. என் மனைவி என்னை முறைத்த முறைப்பை எழுத முடியாது.

நண்பர் ஒருவர் தேனி ரோட்டுப் பக்கம் பிளாட் போட்டு விற்காமல் வைத்திருக்கிறார். பின்பக்கம் கல் ஊன்றாத இரண்டு ஏக்கர், சமதளம், செம்மண், நாலு பக்கமும் கம்பி வேலி. கேட்டைப் பூட்டிக்கொள்ளலாம். பொது ரோட்டில் இந்த வேலையைச் செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் ஜெயில் வரைக்கும் போகும் என்று பேரனுக்குச் சொல்லி வைத்தேன். அவன் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஒரு டிராக்டர் டேங்கர் தண்ணீர் வாங்கி நடுவில் அடித்தோம். மெக்கானிக்கிடம் சொல்லிப் பின்சக்கரம் இரண்டிலும் மொட்டை டயர் மாட்டினேன். உமி அடைத்த சாக்கு மூட்டைகளைப் பெண்டு மாதிரி வளைத்து வைத்தோம். வேகம் 30க்கு மேல் போகக்கூடாது. சீட் பெல்ட் கட்டாயம்.

முதலில் அவனை வேகமாக நுழைந்து ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொன்னேன். வண்டி திரும்பவே இல்லை, நேராகப் போய் மூட்டையில் முட்டியது. இன்னும் ஒடித்தான், இன்னும் நேராகப் போனது. "இதுதான் இந்த வண்டியோட முதல் குணம். மூக்கு பிடி விட்டா ஸ்டியரிங்கைக் கூட்டாத, குறை. வேகத்தையும் குறை. பிடிச்சுக்கும்" என்றேன். ட்ரிஃப்ட் கற்க வந்தவனுக்கு இது சப்பென்று இருந்தது.

பிறகு ஹேண்ட் பிரேக். இந்த வண்டியில் அது பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பி, கிளட்ச்சை மிதித்து, பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பிரேக்கை ஒரு இழு இழுத்து விட வேண்டும். பட்டனை விட்டுவிட்டால் பல்லில் மாட்டிக்கொள்ளும். இழுத்தான். வால் சர்ரென்று வந்தது. பையன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! ஆனால் வண்டி முழுச் சுற்றுச் சுற்றி எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. அந்தக் கோலம் எனக்குப் பழக்கமானது.

"வால் வந்ததும் என்ன பண்ணுன?"

"ஸ்டியரிங்கை ஆப்போசிட்டாத் திருப்புனேன் தாத்தா."

"கால்?"

யோசித்தான். "தெரியல. எடுத்துட்டேன் போல."

மத்தியானம் வரைக்கும் அதே வேலை. இழு, விடு, எதிர்த்துத் திருப்பு, கிளட்ச்சை விடு, ஆக்சிலேட்டரை அழுத்து. பத்துக்கு மேல் சுற்றினான். அதற்குப் பிறகு ஒரு தடவை வால் பாதி வழியில் நின்று, முன்சக்கரம் மண்ணைக் கவ்வி, வண்டியை அப்படியே இழுத்துக்கொண்டு போய் நேராக்கியது. இளரத்தம், சீக்கிரம் பிடித்துக்கொண்டான். உடனே அடுத்த குறை: "வீடியோல வர்ற மாதிரி நீளமாப் போக மாட்டேங்குது தாத்தா. ரெண்டு செகண்ட்ல நேராயிருது."

"அதுக்குத் தள்ளுவண்டி வேணும். இது மாட்டுவண்டி. வாலை நீ வீசலாம், மாடு நேராக்கிரும். அதுதான் இதோட நல்ல குணம்."

பிறகு நான் உட்கார்ந்தேன். 74 வயதில் இதெல்லாம் தேவையா என்று வேலியோரம் குடை பிடித்து நின்றவள் கேட்டாள். பதில் சொல்லவில்லை. ஹேண்ட் பிரேக் இல்லாமல், அன்றைக்கு மேட்டில் வந்த மாதிரியே நுழைந்து, வளைவின் நடுவில் காலை எடுத்துப் பிரேக்கைத் தொட்டேன். வால் போனது. கை சரியாகத் திரும்பியது. கால் மேலே வந்துவிட்டது. முழுச் சுற்று. இரண்டாம் தடவையும் அப்படியே. என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு இருபது வருடத்துக்கு மேலாகத் தெரியும். பேரனுக்குப் பாடமே எடுத்துவிட்டேன். ஆனால் காலுக்குத் தெரியவில்லை. அது இன்னும் 1978இலேயே, அண்ணனின் ஜீப்பிலேயே இருக்கிறது.

மூன்றாவது, நாலாவது. "தாத்தா, அழுத்துங்க, அழுத்துங்க!" என்று பக்கத்தில் பேரன் கத்துகிறான். ஐந்தாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, விழப்போகிறவன் மேலும் முன்னால் அடி வைப்பது மாதிரி, அழுத்தினேன். வால் ஒரு கணம் அந்தரத்தில் தயங்கியது. மூக்கு இழுத்தது. வண்டி நேராக வந்து, மூட்டைகளைத் தாண்டி, எனக்கும் ஆச்சரியமாக, முன்பக்கம் பார்த்தே நின்றது.

இறங்கினேன். முட்டி நடுங்கியது. மனைவி குடையோடு வந்தாள்.

"அன்னைக்கு இப்படிப் பண்ணியிருந்தா?"

"சுத்தியிருக்காது."

"லாரி?"

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ரோடு நேரான இடத்தில் லாரி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் பேரனை எழுப்பினேன், நாலரைக்கு. பின்னால் மொட்டை டயரைக் கழற்றிப் பழையபடி மாட்டியாயிற்று. "ஏறி இறங்கிட்டு வருவோம், நீ ஓட்டு" என்றேன். நண்பனையும் கூட்டிக்கொண்டான். மூன்று பேருமாக முந்தலைத் தாண்டும்போது இருட்டு விலகவில்லை. முதல் பெண்டிலேயே முன்னால் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. ஜீப். அதற்கு முன்னால் இன்னொன்று. கண்ணாடியில் பின்னால் பார்த்தால் வரிசையாக ஏழெட்டு விளக்கு. அத்தனையும் ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போகிற ஜீப்புகள். பின்பக்கம் தொங்கிக்கொண்டு நிற்கிற ஆட்கள், தலையில் துண்டைக் கட்டிய பெண்கள், மடியில் தூக்குவாளி. இப்போது எவர்சில்வர் டிபன் கேரியர்.

பேரன் அந்த ஜீப்பை முந்தவில்லை. மேடு வரைக்கும் அதன் பின்னாலேயே இரண்டாம் கியரில் ஏறினான். கொஞ்ச நேரம் கழித்து நண்பனைப் பார்த்து மெதுவாக, "இந்த நேரத்துல யாரும் இருக்கமாட்டாங்கன்னு சொன்னியேடா" என்றான். நண்பன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேட்டில் டீ குடித்தோம். இறங்கும்போது அந்த வளைவைக் காட்டினேன். ரோட்டை எத்தனையோ முறை போட்டுவிட்டார்கள், சுவரும் புதிது. இந்த இடம்தானா என்று எனக்கே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் காட்டினேன். அவனிடம் முழுக்கதையையும் முதல்முறையாகச் சொன்னதும் அங்கேதான். "அம்மாச்சி நடந்தே போனாங்களா?" என்று மட்டும் கேட்டான். வாலை வீசும் ஆசை அவனுக்குப் போய்விடவில்லை. கோயமுத்தூர் செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறது, அங்கே முறையாகக் கற்றுக்கொள், பணம் நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஊருக்குக் கிளம்புமுன், என் வண்டிக்குப் புது டயர் இரண்டு வாங்கிப் போட்டுத் தருவதாக அவனே சொன்னான். மூன்று பேரும் கடைக்குப் போனோம். கடைப் பையன் ஜாக்கியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனான்.

"தம்பி, புதுசு ரெண்டும் பின்னாடி போடுப்பா" என்றாள் என் மனைவி.

"அம்மா, முன்னாடிதான் தேயும்."

"தேயட்டும். பின்னாடி போடு. இருக்குறதுல நல்லதை முன்னாடி மாத்து."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். வேலை முடிந்ததும் பேரன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். நான் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு, முன் கதவைத் திறந்து பிடித்தபடி அவளைப் பார்த்தேன். அவள் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.